கேம்பருக்கு ஏ.டி. டயர்: ரப்பர் விளைக்கும் தார் ரோட்டுக்கும் சேர்த்து உழைப்பது எது?

விளைக்காரன் · குலசேகரம்

வண்டி மஹிந்திரா பொலேரோ கேம்பர் பிக்கப், ஃபோர்வீல் (நாலு சக்கரமும் இழுக்கிற வகை). கூடவே வந்த 235/75 ஆர்15 டயர் நான்கும் 29,000 கிலோமீட்டரில் முடிந்துவிட்டன. மச்சினனிடம் இருப்பதும் இதே வண்டி, இதே டயர். 50,000 தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாண வீடு, துஷ்டி வீடு என்று பார்க்காமல் எங்கே கண்டாலும் அதைச் சொல்லி என் மானத்தை வாங்குகிறான்.

ஓட்டம் இதுதான். பேச்சிப்பாறை ரோட்டில் இருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை, அப்புறம் ரப்பர் விளைக்குள் (தோட்டத்துக்குள்) ஏற்றம். வெயில் காலத்தில் ஆட்டோவே ஏறிவிடும். ஆனி ஆடிச் சாரல் பிடித்துவிட்டால் மண் சோப்பு மாதிரி. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. மற்ற ஊர்க்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு மழைக்காலம், நமக்கு இரண்டு. ஏற்றுவது ரப்பர் ஷீட், ஒட்டுப்பால் (ஒட்டி உறைந்த ரப்பர் பால்), உரமூட்டை, சில நாள் வாழைக்குலை. வாரத்தில் மூன்று நாள் மார்த்தாண்டம், ஒரு நாள் நாகர்கோவில். நூற்றுக்கு எண்பது தார், இருபது மண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயரில் நீண்ட நாள் உழைப்பது எது? கம்பெனி பெயர் சொன்னால் போதும், நாளைக்கே மாற்றிவிடுகிறேன்.

வி.கிராஸ் 74 · நாகர்கோவில்

பெயர்தானே, நிறைய இருக்கிறது. யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி ஜி015, எம்ஆர்எஃப் வாண்டரர், அப்போலோ ஆப்டெரா ஏடி2, பிஎஃப் குட்ரிச் கேஓ2. கடைசியாகச் சொன்னதற்கு மூன்றடுக்குப் பக்கச்சுவர், அதனால்தான் கல் பாதை ஓட்டுகிறவர்கள் அதையே தேடுகிறார்கள். ஆனால் அது வெளியிலிருந்து வர வேண்டிய சரக்கு. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டுவிட்டது. யோகோஹாமாவுக்கோ இங்கேயே, ஹரியானா பகதூர்கரில் ஆலை இருக்கிறது. என் இசுசு வி-கிராஸ் பிக்கப்பில் ஜியோலேண்டர்தான், 46,000 ஓடி இன்னும் பட்டன் (டயரின் மேல் கட்டை) இருக்கிறது.

என்னைக் கேட்டால் ஒரு அளவு ஏற்றி 31க்கு 10.50 ஆர்15 போட்டுவிடுங்கள். வண்டி நிற்கிற அழகே வேறு.

தோவாளை பூ வண்டி

எண்பது சதவீதம் தார் என்று நீங்களே சொல்லிவிட்டு ஏ.டி. எதற்கு? தார் ரோட்டுக்கான ஹெச்.டி. (ஹைவே டெரெய்ன்) போடுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஏ.டி. போட்டு ஒருநாள் ஓட்டினேன், அந்தச் சத்தத்தில் பாட்டும் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவன் பேசுவதும் கேட்கவில்லை.

மாறாமலை ஜீப்பு

பூ வண்டிக்காரருக்கு அந்த இருபது சதவீதத்தின் அருமை தெரியாது. எண்பது சதவீதமும் எந்த டயரிலும் ஓடும். இருபதில் நின்றுவிட்டால் அன்றைக்கு முழுக்க வண்டி ஓடாது.

டயர்க்கடை · தக்கலை

முப்பது வருஷம் டயர் கழற்றி மாட்டின கை. இப்போது கடையைப் பையன் பார்க்கிறான், நான் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து வம்பளக்கிறேன். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி, பெயர் அப்புறம். 29,000இல் நாலு டயரும் போயிருக்கிறது என்றால் முதலில் அந்த நாலும் எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும். அந்த வியாதியைக் கண்டுபிடிக்காமல் எந்த டயர் வாங்கி மாட்டினாலும் அதுவும் அதே 29,000இல் வந்து நிற்கும், துட்டு மட்டும் கூடுதல்.

பழைய டயரை ஆக்கர் (பழைய சாமான்) கடையில் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் ஒவ்வொன்றாக வெயிலில் நிறுத்தி, குறுக்கே கையால் தடவிப் பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்ததா, இரண்டு ஓரமுமா, ஒரு ஓரம் மட்டுமா? ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பப் பல் மாதிரி பிடிக்கிறதா? படம் போட்டாலும் சரி, எழுதினாலும் சரி. எந்த டயர் எந்தப் பக்கம் ஓடியது என்றும் சொல்ல வேண்டும். காற்று எவ்வளவு பிடிக்கிறீர்கள்?

விளைக்காரன் · குலசேகரம்

டயர் மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால்தான் கிடக்கிறது அண்ணாச்சி. நீங்கள் சொன்ன மாதிரி தடவிப் பார்த்தேன், கை கறுத்ததுதான் மிச்சம் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

பின் டயர் இரண்டும் நடுவில் மொட்டை, ஓரத்தில் இன்னும் கொஞ்சம் பட்டன் இருக்கிறது. முன் டயர் இரண்டுக்கும் ஓரம் தேய்ந்திருக்கிறது. ரம்பப் பல் மாதிரி என்று சொன்னீர்களே, அதேதான், விரலில் பிடிக்கிறது. அலைன்மெண்ட் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன், சீட்டும் வைத்திருக்கிறேன். காற்று பஞ்சர் கடையில் நாலுக்கும் 45 பவுண்டு. லோடு ஏற்றுகிற வண்டி என்று அவனே அப்படித்தான் பிடிக்கிறான்.

டயர்க்கடை · தக்கலை

பாதி பதில் இதிலேயே இருக்கிறது. பின்னால் நடு மொட்டை என்றால் காற்று கூடுதல். லோடோடு போகும்போது 45 தாங்கும். ஆனால் மார்த்தாண்டத்தில் சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்புகிறீர்களே, அப்போது டயர் பந்து மாதிரி விம்மி நடுவில் மட்டும் ரோட்டைத் தொடுகிறது. ஆகப் பாதி ஓட்டம் நடு ரப்பரை மட்டும் தின்கிறது. கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காலிக்கு எவ்வளவு, லோடுக்கு எவ்வளவு, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று எல்லாம் அதில் உண்டு. பஞ்சர் கடைக்காரன் அதைப் பார்க்கவே மாட்டான். காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன்னால் பாருங்கள். ஓடிச் சூடேறின டயரில் நாலைந்து பவுண்டு கூடுதலாகக் காட்டும்.

முன்னால் ரம்பப் பல் என்றால் சாதாரணமாக டோ கோளாறு, அதாவது முன் சக்கரம் இரண்டும் நேராக நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது. சீட்டு வைத்திருக்கிறேன் என்கிறீர்கள். அப்படியானால் இன்னொரு சந்தேகம். கோபப்படக் கூடாது. வண்டியை நீங்கள் மட்டும்தான் ஓட்டுகிறீர்களா? தார் ரோட்டில் ஃபோர்வீலைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிற ஆள் யாராவது வீட்டில் உண்டா?

விளைக்காரன் · குலசேகரம்

இருங்கள், கேட்டுவிட்டு வருகிறேன்.

விளைக்காரன் · குலசேகரம்

உண்டு.

தங்கச்சி மகன். மார்த்தாண்டம், நாகர்கோவில் ஓட்டம் எல்லாம் அவன்தான். மழை பெய்தால் ஃபோர் ஹை போட்டால் வழுக்காது மாமா, நான் விளையில் போட்டதை எடுக்கவே மாட்டேன் என்கிறான். எத்தனை நாளாக என்று கேட்டேன். வண்டி வாங்கின நாளில் இருந்து என்றான். அவ்வளவு பெருமையாகச் சொல்கிறான்.

மாறாமலை ஜீப்பு

போச்சு.

தம்பிக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொடுங்கள். நம் ஜீப், கேம்பர் எல்லாவற்றிலும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் நேராகப் பூட்டிக்கொள்கிற ஃபோர்வீல். வேக வித்தியாசத்தைச் சமாளிக்கிற டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம். இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றச் சொன்னால் ஏதாவது ஒன்று வழுக்கித்தான் தீர வேண்டும். சேற்றில் டயர் சும்மா வழுக்கிவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. தாரில் ரப்பரைத் தேய்த்துத்தான் வழுக்கும். குலசேகரத்தில் இருந்து தக்கலை வரை எத்தனை வளைவு என்று எண்ணிப் பாருங்கள், அத்தனை இடத்திலும் டயரை அரத்தில் போட்டு ராவியிருக்கிறான். கியர்ப்பெட்டிக்கும் கேடு. டயரோடு போனதே என்று குலதெய்வத்துக்குத் தேங்காய் உடையுங்கள்.

இன்னொன்று, ஃபோர் ஹை போட்டால் கிளம்பும்போதும் ஏறும்போதும்தான் பிடிப்பு. பிரேக் பிடித்தால் நிற்பதற்கு ஃபோர்வீல் உதவாது. மழையில் அந்தத் தைரியத்தில் வேகமாக ஓட்டினால்தான் ஆபத்து.

வி.கிராஸ் 74 · நாகர்கோவில்

மச்சினனின் 50,000க்கு ரகசியம் இதுதானா? அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

விளைக்காரன் · குலசேகரம்

அவனுக்கு மருமகன் வண்டி ஓட்டவில்லை, அதுதான் ரகசியம்.

சரி, காற்றும் ஃபோர்வீலும் திருத்தியாகிவிட்டது. டயர் எப்படியும் வாங்கத்தானே வேண்டும். இப்போதாவது எது என்று சொல்லுங்கள்.

அருமனை எஸ்டேட்

நான் பேசலாமா? எங்கள் வீட்டு விளையில் பால் வெட்டுவதையும் வண்டி ஓட்டத்தையும் பத்து வருஷமாக நான்தான் பார்க்கிறேன். டயர் தேய்ந்து மாற்றின கதை எங்களுக்குக் குறைவு. கிழிந்து மாற்றினதுதான் அதிகம். நீண்ட நாள் உழைப்பது என்றால் தேய்மானத்தை மட்டும் எல்லாரும் பேசுகிறீர்கள்.

ரப்பர் விளையில் இரண்டு எமன். ஒன்று, காடு வெட்டும்போது செடியைச் சரித்து வெட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் குத்துக்கட்டை காய்ந்தால் ஈட்டி. இலை மூடிக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஓரமாக ஏறினால் டயரின் பக்கவாட்டில் இறங்கும். பட்டன் பகுதியில் ஓட்டை விழுந்தால் உள்ளிருந்து காளான் பேட்ச் போடலாம், பக்கச்சுவரில் விழுந்தால் டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டாவது எமன், பால் பிடிக்கும் சிரட்டையை மரத்தில் கட்டுகிற கம்பி. பழைய மரத்தில் இருந்து அறுந்து விழுந்து மண்ணில் கிடக்கும். ஒரு மழைக்காலத்தில் மட்டும் எனக்கு ஐந்து பஞ்சர். இப்போது பால் எடுக்கிறவர்களிடம் சொல்லி, அறுந்த கம்பியை எல்லாம் ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பஞ்சர் நின்றுவிட்டது. எந்த டயர்க் கம்பெனியும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

கம்பெனி பெயர் தேடும் முன் பக்கச்சுவர் எத்தனை அடுக்கு என்று கேளுங்கள் தம்பி. பாதை ஓரத்துக் குற்றிகளையும் மட்டம் தட்டிவிடுங்கள்.

விளைக்காரன் · குலசேகரம்

அக்கா, நூற்றில் ஒரு வார்த்தை. டப்பா யோசனையை இன்றே தொடங்கிவிட்டேன். முதல் நாளே அரைக்கிலோ கம்பி. ஆக்கர் கடையில் கொடுத்தால் சாயாவுக்கு ஆகும்.

டயர்க்கடை · தக்கலை

பக்கச்சுவர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அங்கே எழுதியிருக்கும் எழுத்தை வாசிக்கத் தெரிந்தால் பாதிப் பேரம் முடிந்தது.

235/75 ஆர்15க்குப் பின்னால் ஒரு எண் வரும். 105 என்றால் அந்த டயர் 925 கிலோ தாங்கும். 109 என்றால் 1,030 கிலோ. அளவு ஒன்றுதான், தாங்கும் எடை வேறு. கடையில் அளவை மட்டும் சொன்னால் எது கையில் இருக்கிறதோ அதை எடுத்துப் போடுவார்கள். லோடு அடிக்கிற ஆள் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும், வண்டியோடு வந்த டயரின் எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது. எண்ணை ஒட்டி வரும் எழுத்து வேகம். எஸ் என்றால் 180 கிலோமீட்டர். நம் ரோட்டில் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அப்புறம் அளவுக்கு முன்னால் பி என்று இருக்கிறதா, எல்.டி. என்று இருக்கிறதா பாருங்கள். பி என்பது கார் வகை, எல்.டி. என்பது லோடு வகை. அமெரிக்க டயர்க் கணக்குப்படி பி வகையை பிக்கப்பில் மாட்டினால் தாங்கும் எடையை 1.1ஆல் வகுக்க வேண்டும். 925 என்று எழுதியிருப்பது 840 ஆகிவிடும், 1,030 என்பது 936. எல்.டி. டயருக்கு இந்தக் கழிவு இல்லை. அதனால்தான் எல்.டி.யில் 104, அதாவது 900 கிலோ, என்று பார்த்ததும் குறைவு என்று ஒதுக்கக் கூடாது. ஆனால் அந்த 900ஐத் தூக்க அதற்கு 50 பவுண்டு காற்று வேண்டும். காலி வண்டியில் கல் மாதிரி குலுக்கும். நாற்பது மூட்டை உரத்தை ஒரே நடையில் ஏற்றுகிற வழக்கம் இல்லையே?

விளைக்காரன் · குலசேகரம்

இருந்தது. இனி இல்லை.

வி.கிராஸ் 74 · நாகர்கோவில்

எண் என்றதும் ஞாபகம் வந்தது. சில டயரில் ட்ரெட்வேர் (தேய்மான எண்) 500, 600 என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்கினால் ஆயுள் கண்ணுக்குத் தெரிந்துவிடுமே? பெரிய எண், நீண்ட ஆயுள்.

டயர்க்கடை · தக்கலை

அந்த எண் கிலோமீட்டர் கணக்கு இல்லை தம்பி. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் சான் ஏஞ்சலோ பக்கம் 400 மைல் சுற்று ரோட்டில், மொத்தம் 7,200 மைல் ஓட்டி, ஒரு ஒப்பீட்டு டயர் எவ்வளவு தேய்ந்தது, உங்கள் டயர் எவ்வளவு தேய்ந்தது என்று பார்க்கிறார்கள். 100ஐ அடிப்படையாக வைத்து அதற்கு எத்தனை மடங்கு உழைக்கும் என்பதுதான் அந்த எண்; 200 என்றால் இரண்டு மடங்கு. எண்ணைத் தீர்மானித்து அச்சடிப்பது டயர் செய்கிற கம்பெனியேதான். அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும், இரண்டு கம்பெனிக்கு நடுவில் வைத்துப் பார்த்தால் ஏமாறலாம். எல்.டி. டயருக்கு அந்த எண் போட வேண்டிய கட்டாயமே கிடையாது. எண் இல்லை என்பதால் அது மட்டம் என்று அர்த்தமில்லை.

அந்த ரோடு காய்ந்த தார் ரோடு என்பதையும் மறந்துவிடக் கூடாது. நம் மலையோரச் சரளைக் கல்லில் டயர் தேய்வதை விடப் பிய்ந்து போவதுதான் அதிகம், கட்டை கட்டையாக. அதற்கு ரப்பர்க் கலவை முக்கியம். இயற்கை ரப்பர் கூடுதலாக இருந்தால் வெட்டுக் காயம் தாங்கும், சூடும் குறைவாக ஏறும். லாரி டயரில் அதை நிறையச் சேர்ப்பது அதற்காகத்தான்.

விளைக்காரன் · குலசேகரம்

நம் மரத்துப் பாலை நம்மிடம் வாங்கி நமக்கே விற்கிறார்கள். ஷீட் கொடுக்கும்போது ஈரம், அழுக்கு, கிரேடு என்று ஆயிரம் நொட்டை. டயர் வாங்கப் போனால் நாம் ஒரு நொட்டை சொல்ல முடியுமா?

மாறாமலை ஜீப்பு

அண்ணா, அந்த விஷயத்தைத் தொடங்கினால் இழை முடியாது. விட்டுவிடுங்கள்.

கடப்புறத்தான்

தேங்காப்பட்டணம் துறையில் இருந்து மீன் ஏற்றுகிற பிக்கப் இரண்டு வைத்திருக்கிறேன். மலையோரத்துக்காரர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். எங்கள் பக்கம் பட்டன் டயருக்கு வேலையே இல்லை. கடற்கரை மணலில் பட்டன் தோண்டும், தோண்டினால் ஆக்சில் வரை இறங்கும். மணலில் காப்பாற்றுவது காற்றுதான். 18, 20 பவுண்டுக்கு இறக்கினால் டயர் தரையில் பரந்து ஏறி நடக்கும், மொட்டை டயர்கூட வெளியே வந்துவிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்பப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கச்சுவர் மடங்கிச் சூடேறி வெடிக்கும். இருநூறு ரூபாய் காற்று மானியும் பேட்டரியில் ஓடுகிற ஒரு பம்பும் சீட்டுக்கு அடியில் கிடந்தால் போதும்.

எங்கள் தொல்லை வேறு. ஐஸ் தண்ணியும் உப்பும் ரிம்மைத் தின்னுகிறது. துரு பிடித்த ரிம்மில் ட்யூப்லெஸ் டயர் ஓரம் படியாது, இரவோடு இரவாகக் காற்று இறங்கும். டயரைக் குறை சொல்லி மாற்றுவார்கள், மாற்றினாலும் இறங்கும். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி ரிம் ஓரத்தை உரசிப் பெயிண்ட் அடிக்கிறோம்.

தோவாளை பூ வண்டி

பின் டயருக்கு ரீட்ரெடிங் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டுவது) போடலாம் என்று யாரும் சொல்லவில்லையே? பாதிக் காசில் முடியும்.

டயர்க்கடை · தக்கலை

லாரிக்கும் பஸ்ஸுக்கும் ரீட்ரெடிங் நல்ல தொழில்தான். எம்ஆர்எஃப்பே 1946இல் சென்னையில் பலூன் செய்யத் தொடங்கி, 1952இல் ட்ரெட் ரப்பருக்கு வந்து, அப்புறம்தான் டயருக்கு வந்தது. என் கடையும் ரீட்ரெடிங்கில்தான் வளர்ந்தது. ஆனால் இந்தச் சின்ன வண்டி டயரின் கூடு அதற்கென்று செய்ததில்லை. விளையில் குத்துக்கட்டையும் கல்லும் வாங்கின கூட்டுக்குள் கம்பி எங்கே துருப்பிடித்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஆள் ஏறுகிற டபுள் கேபின் வண்டிக்கு நான் போட்டுத் தர மாட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

31 அங்குலம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைய டயரின் விட்டம் 733 மில்லிமீட்டர், அது 787. நூற்றுக்கு ஏழு கூடுதல். மீட்டரில் 80 காட்டினால் உண்மையில் 86 போவீர்கள். லோடோடு ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும், திருப்பினால் உள்ளே உரசும், எஃப்.சி.யிலும் கேள்வி கேட்பார்கள். அழகுக்கு ஆசைப்பட்டு விளையில் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டாம்.

வி.கிராஸ் 74 · நாகர்கோவில்

சரி சரி, அந்த யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மாறாமலை ஜீப்பு

நான் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஏ.டி. என்ற பெயரை நம்பிச் சேற்றில் இறங்கிவிடாதீர்கள். கட்டைகளுக்கு நடுவில் இடைவெளி அகலமாக இருந்தால்தான் சுற்றும்போது மண்ணை வீசி எறியும். சில ஏ.டி. பார்க்கப் பட்டன் மாதிரி இருக்கும், இடைவெளி விரல்கூட நுழையாது. நம் செம்மண் ஒட்டினால் இரண்டே சுற்றில் அடைத்துக்கொண்டு சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். கடையில் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள், நுழைந்தால் வாங்குங்கள். ஆனால் ரொம்ப அகலமானது எம்.டி. (மட் டெரெய்ன்) எனும் சேற்று டயர் வகை, அது தாரில் சீக்கிரம் கரையும், மழையில் பிரேக்கும் நீளும். எண்பதுக்கு இருபது என்கிற உங்கள் கணக்குக்கு நடுத்தர ஏ.டி.தான் சரி. ஏலக்காய், கிராம்பு எஸ்டேட்டுக்குக் கல் ஏறுகிற எங்கள் கணக்கு வேறு.

டயர்க்கடை · தக்கலை

நல்ல பரிசோதனை. நான் ஆழமானியை வைத்துக்கொண்டு செய்வதை இவர் சுண்டுவிரலில் முடித்துவிட்டார்.

கடைசியாக மூன்று வார்த்தை. டயரில் டி.ஓ.டி. எழுத்துக்குப் பின்னால் நாலு இலக்கம் உண்டு, 3224 என்றால் 2024இன் 32ஆவது வாரம். ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்த சரக்கை முழு விலைக்கு வாங்காதீர்கள். ஃபோர்வீல் வண்டிக்கு நாலும் ஒரே டயர், ஒரே தேய்மானம் இருக்க வேண்டும், அதனால் இரண்டு இரண்டாக மாற்றும் கஞ்சத்தனம் வேண்டாம். முடிந்தால் ஐந்தாக வாங்கி ஸ்டெப்னியையும் சுற்றில் சேருங்கள். 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். ஸ்டெப்னி சும்மா தொங்கி வெயிலில் வெடிப்பதை விட ஓடித் தேய்வது நல்லது.

விளைக்காரன் · குலசேகரம்

வாங்கிவிட்டேன். ஐந்து. அதே அளவு, 109. உள்நாட்டுக் கம்பெனி ஏ.டி. பெயர் சொன்னால் இங்கே அடுத்த சண்டை தொடங்கிவிடும், அதனால் சொல்லப் போவதில்லை. முதல் கடையில் எடுத்து வைத்த ஐந்தில் இரண்டு டயர், மூன்று வருஷப் பழசு. எண்ணைக் காட்டினதும் அந்தப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் வேறு கொண்டுவந்தான். சுண்டுவிரலும் விட்டுப் பார்த்தேன். கடையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

தங்கச்சி மகனிடம் ஸ்டிக்கரை வாசிக்கச் சொல்லி, காற்று மானியையும் அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன். மீட்டருக்குப் பக்கத்தில் "தார் வந்ததும் டூவீல்" என்று அவனே பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறான்.

விளைக்காரன் · குலசேகரம் — எட்டு மாதம் கழித்து

இழையை மேலே கொண்டுவருகிறேன். 11,000 கிலோமீட்டர் ஆயிற்று. ஒரு முழுச் சாரல், ஒரு முழு ஐப்பசி மழை. விளைக்குள் ஒரே ஒரு நாள் மாட்டிக்கொண்டது, அதுவும் புதிதாக மண் கொட்டின இடம். பஞ்சர் ஒன்று, பட்டன் நடுவில், காளான் பேட்ச் போட்டாயிற்று. புதிதில் ஆழம் 10 மில்லிமீட்டர் இருந்தது, இப்போது ஐந்திலும் 8.7க்குப் பக்கத்தில். ரம்பப் பல் இல்லை. மைலேஜ் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் மாதிரி குறைந்திருக்கிறது, சத்தமும் 60க்கு மேல் கொஞ்சம் உண்டு. அண்ணாச்சி, இந்தக் கணக்கில் எவ்வளவு ஓடும்?

டயர்க்கடை · தக்கலை

11,000க்கு 1.3 மில்லிமீட்டர். 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கோடு வரை போனால் 70,000ஐத் தொடும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் உங்கள் விளைக்கு அந்தக் கணக்கு பார்க்காதீர்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் செம்மண்ணில் ஏ.டி.யும் ஹெச்.டி.யும் ஒன்றுதான், மழைத் தாரிலும் தண்ணீரை வெளியே தள்ளாது. அதனால் 3 வரை என்று வையுங்கள், 59,000 வரும். அதுவும் ஒட்டுப்பால் நாளில் யாராவது ஃபோர் ஹை போடாமல் இருந்தால்.

வி.கிராஸ் 74 · நாகர்கோவில்

மச்சினன் என்ன சொன்னார்?

விளைக்காரன் · குலசேகரம்

அவன் டயர் 54,000இல் முடிந்துவிட்டது. போன வாரம் வந்து எந்தக் கம்பெனி போட்டிருக்கிறேன் என்று கேட்டான். பழைய டயரைக் கொண்டுவா, முதலில் தடவிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.